இலைக்கு அடியில் வைத்த ஒரு வெள்ளி

நான் அந்த ஐந்து வெள்ளி நோட்டை என் கைப்பையில் போட்டுக்கொள்ளவில்லை. இதைத் திருத்திவிட்டுத்தான் உன்னோடு பேச வேண்டும். போன மாதம் ரவாங்கில் ஒரு கல்யாணத்தில், என் தம்பியின் மருமகள் நாலு பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள்: பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு டிப்ஸ் வைத்த நோட்டை அத்தை எடுத்துக்கொண்டார், எண்பது வயதில் இது தேவையா என்று. எனக்கு எண்பது இல்லை, எழுபத்தொன்பது. நோட்டை எடுத்தது உண்மை. கைப்பை என் இடது கையில் மூடியபடி இருந்தது. நோட்டு வலது கையில் இருந்தது. அந்தக் கையோடு நான் எங்கே போனேன் என்பதை அவள் சொல்லவில்லை. அவள் அங்கே இருக்கவும் இல்லை.

அவளுடைய மகள் புஞ்சாக் ஆலாமில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். தம்பியின் பேத்தி எனக்கும் பேத்திதான். தன் பிறந்த நாளுக்கு என்னை ஒரு கடைக்கு அழைத்துப் போனாள். கூடப் படிக்கும் ஒரு பையனும் வந்திருந்தான். சாப்பிட்டு எழுந்தபோது பேத்தி ஐந்து வெள்ளி நோட்டு ஒன்றை எடுத்து, எச்சில் தட்டின் விளிம்புக்கு அடியில் செருகினாள். பாதி உள்ளே, பாதி வெளியே. மிளகாய் சாஸும் உருகிய ஐஸ் தண்ணீரும் கலந்து அந்தத் தட்டிலிருந்து ஒரு புளித்த வாடை வந்தது. அந்த வாடையும் நோட்டு இருந்த இடமும் ஒன்றாகச் சேர்ந்ததும், என் கை என்னைக் கேட்காமலே நீண்டுவிட்டது.

நீ பக்கத்தில் இருந்திருந்தால் நான் எதையும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

சமையலறை வாசலுக்குப் போனேன். எங்களுக்குப் பரிமாறிய பெண் அங்கே நின்று கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயரைக் கேட்டேன், சொன்னாள். எந்த ஊர் என்று கேட்டேன்.

"கலும்பாங், பாட்டி. இங்க பார்ட் டைம்."

"சாப்பாடு சூடா கொண்டாந்த. நான் தண்ணி கேக்கறதுக்கு முன்னாடியே வச்ச. இந்தா, இது உனக்கு."

"ஐயோ, வேணாம் பாட்டி. கையில வாங்கக் கூடாதுலா. மேல காமரா இருக்கு."

"மேசையில வச்சா?"

"அத க்ளியர் பண்றவங்க எடுத்து டப்பாவுல போடுவாங்க. டப்பா மேனேஜர்கிட்ட."

"மேனேஜர்கிட்டேருந்து எங்க போகும்?"

அவள் சிரித்தாள். "அதுக்கு மேல எனக்குத் தெரியாது பாட்டி."

பிறகு காமராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, என் கையைப் பிடித்துக் குலுக்குவது போல அதை வாங்கிக்கொண்டாள். கெட்டிக்காரி. உனக்கு அவளைப் பிடித்திருக்கும்.

காரில் திரும்பும்போது நான் அந்த இரண்டு பிள்ளைகளையும் விடாமல் கேட்டுக்கொண்டே வந்தேன். திட்டவில்லை. எனக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. எதற்காகக் கொடுக்கிறீர்கள், எப்போது கொடுப்பீர்கள், அது யாருக்குப் போகிறது?

"பாட்டி, பில்லுலயே சர்வீஸ் சார்ஜ் போட்டுட்டாங்க. நான் வச்சது எக்ஸ்ட்ரா. பர்த்டேலா, அதனால."

"அந்த சர்வீஸ் சார்ஜ் அந்தப் பொண்ணுக்குப் போகுதா?"

பேத்தி பையனைப் பார்த்தாள். பையன் பேத்தியைப் பார்த்தான். இருவருக்கும் தெரியவில்லை. ஆனால் பையன் ஒன்று சொன்னான்: "நான் கடையில குடுக்க மாட்டேன் பாட்டி. மழையில பைக்ல சாப்பாடு கொண்டாந்து குடுக்கிறாங்க பாருங்க, அவங்களுக்குத்தான் குடுப்பேன். அவங்க நனையறத நான் கண்ணால பாக்குறேன்."

அதை நான் நெடுநேரம் யோசித்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு டிப்ஸ் கொடுக்கத் தெரியாது என்று என் வயதுக்காரர்கள் சொல்கிறார்கள். இந்தப் பையனுக்கு ஒரு முறை இருக்கிறது. எங்கள் முறை இல்லை, அவ்வளவுதான். எங்கள் முறை என்ன லட்சணத்தில் இருந்தது என்பது உனக்கும் எனக்கும் தெரியும்.

நீ போன வைகாசியில் காலமானாய். உன் மகள் செரண்டாவிலிருந்து போன் செய்து சொன்னாள். முழங்கால் வலியால் என்னால் வர முடியவில்லை. பதினாறாம் நாளுக்கும் வரவில்லை. இப்போது ஓராண்டு நினைவுக்கு ஒரு சிறு புத்தகம் போடுகிறாளாம். உன்னைத் தெரிந்தவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுத வேண்டுமாம். எனக்கு ஒரு பக்கம் போதாது. மற்றவர்கள் நீ எவ்வளவு நல்லவள் என்று எழுதுவார்கள். நான் எழுத வேண்டியது, நான் உனக்கு என்ன செய்தேன் என்பது.

எண்பதுகளின் நடுவில், கோல சிலாங்கூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த இலைச் சோற்றுக் கடையில் நீ வேலைக்குச் சேர்ந்தாய். அதுவரை அந்தக் கடையில் ஆண்கள்தான் பரிமாறினார்கள். உன் கணவர் செம்பனைக் குலை வெட்டப் போய் முதுகில் அடிபட்டு வீட்டில் கிடந்தார். நீ உங்கள் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து காலை முதல் பஸ்ஸில் வருவாய். என் கணவர் வேறொரு தோட்டத்து ஆபீசில் பெரிய கிராணி. கணக்கும் கடிதமும் அவர் கையில். அதனால் நான் கிராணியம்மா. மாதச் சம்பளம் போட்டு முடித்த மறு சனிக்கிழமை, அவரும் நானும் டவுனுக்கு வந்து அங்கே சாப்பிடுவோம்.

முதல் நாளே உன்னைக் கவனித்தேன். சாப்பிடுகிறவரின் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்துப் பரிமாறுவாய். சோற்றில் கை தயங்கினால் குழம்பு வரும். விரல் இலையின் ஓரத்துக்குப் போனால் ரசம் வரும். இரண்டாம் மாதம் என் ரசத்தைக் கேட்காமலே தம்ளரில் கொண்டுவந்தாய். ஒரு நாள் நான் நண்டு கேட்டபோது குனிந்து ஊறுகாய் வைக்கும் சாக்கில் சொன்னாய்: "நண்டு வேணாம் கிராணியம்மா, அது நேத்து வந்தது. மீன் எடுங்க, இப்பதான் ஆத்துலேருந்து வந்துச்சு." முதலாளி மூன்றடி தள்ளி கல்லாவில் உட்கார்ந்திருந்தார். எனக்கு உன்னை மிகவும் பிடித்துப்போனது.

பிடித்தவருக்கு ஏதாவது வைத்துவிட்டு வர வேண்டும். இது எனக்குக் கான்வெண்டில் சொல்லிக்கொடுத்தது. மேசைப் பழக்கங்களுக்கென்றே ஒரு சிஸ்டர் வகுப்பு எடுப்பார். பணிவிடை செய்தவருக்குக் கொடுப்பதை அவர் கையில் திணிக்கக் கூடாது. அது அவரைப் பிச்சைக்காரர் ஆக்கும். மேசை நடுவில் பரப்பவும் கூடாது, அது பெருமையடிப்பது. தட்டின் விளிம்புக்கு அடியில், பாதி மறைவாக வைத்துவிட்டு எழுந்துவிட வேண்டும். "வைத்த பிறகு திரும்பிப் பார்க்காதே" என்பார். நான் வகுப்பில் முதல் மாணவி. திரும்பிப் பார்க்கவே மாட்டேன்.

அந்தக் கடையில் தட்டு இல்லை. ஆகவே இலைக்கு அடியில் வைத்தேன். நீல நிற ஒரு வெள்ளி நோட்டு, நான்காக மடித்து, வலது பக்க நுனிக்குக் கீழே. இலையை என் பக்கமாக மடித்து மூடிவிட்டு எழுந்து, கை கழுவி, நேராகக் காருக்குப் போய்விடுவேன். பணம் கட்டுவது கணவரின் வேலை.

ஏறக்குறைய ஒரு வருடம். நீ ஒரு முறைகூட அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. எனக்கு நன்றி தேவையில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் மாதங்கள் போகப் போக, ஒரு தலையாட்டல், ஒரு புன்னகை, அது என்ன அவ்வளவு கஷ்டமா என்று மனத்துக்குள் அரித்தது. வேறு எல்லாவற்றையும் கவனிக்கிறவள் இதை மட்டும் கவனிக்காதது போல இருக்கிறாளே என்று கோபம் வந்தது.

ஒரு சனிக்கிழமை, கணவர் கார் எடுக்கப் போயிருந்தார். முதலாளி கல்லாவிலிருந்து, "சாப்பாடு எப்படிம்மா?" என்று வழக்கம்போல் கேட்டார். நான் சொன்னேன்: "சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்ல. உங்க பொண்ணுக்குத்தான் மரியாதை தெரியல. மாசாமாசம் வச்சுட்டுப் போறேன், ஒரு நாள் முகத்தத் திருப்பிப் பாத்ததில்ல."

"வச்சுட்டுப் போறீங்களா? எங்கம்மா?"

"மேசையிலதான்."

அவர் பார்வை கல்லாவின் ஓரத்தில் இருந்த பால் டின்னுக்குப் போனது. அந்த டின்னைப் பற்றி எனக்கு அப்போது தெரியாது. யார் எது வைத்தாலும் அது அந்த டின்னில் விழ வேண்டும், வார முடிவில் எல்லாருக்கும் சமமாகப் பிரிப்பார்கள் என்பது கடையின் கட்டளை. 'காப்பிக் காசு' என்று நீங்கள் சொல்வீர்கள். டின்னுக்கு வராமல் ஒரு காசு ஒருவர் கையில் நின்றால், அது மற்றவர்களிடமிருந்து எடுத்த காசு. நான் சொன்ன இரண்டு வாக்கியங்கள் உன் மேல் என்னவாக விழுந்தன என்று தெரியாமல், கோல சிலாங்கூர் வெயிலில் குடை பிடித்துக்கொண்டு காருக்கு நடந்தேன்.

அடுத்த மாதம் நீ இல்லை.

பரிமாறியது மீசைக்காரர். கடையில் அவருக்கு அதுதான் பெயர். நீ எங்கே என்று கேட்டேன்.

"தெரியாத மாதிரி கேக்கறீங்களே கிராணியம்மா! டின்னுக்கு வராத காசு முந்தானைக்குப் போனா வேலை நிக்குமா? ஒரு வருசமா நம்மள ஏமாத்தியிருக்கு. சத்தியம் பண்ணிச்சு, அழுதிச்சு. மொதலாளி கேக்கல."

உன்னிடம் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அப்போது எனக்குப் பாவமாக இல்லை. நான் நினைத்தது சரிதான், வாங்கிக்கொண்டுதான் கமுக்கமாக இருந்திருக்கிறாள் என்று ஒரு திருப்திதான் வந்தது. ஏழு நிமிடமோ பத்து நிமிடமோ, சோறு தீரும் வரைக்கும், அந்தத் திருப்தியோடு சாப்பிட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் வழக்கம்போல் இலைக்கு அடியில் நோட்டை வைத்தேன். இந்த மீசை டின்னில் போடுகிறாரா என்று பார்க்க ஆசை. ஆகவே வாழ்க்கையில் முதல் தடவையாக சிஸ்டரின் பேச்சை மீறினேன். எழுந்திருக்கவில்லை. கணவர், "என்னா, போலாமா?" என்றார். "இருங்க" என்றேன்.

மேசை துடைக்கும் தாத்தா வந்தார். பரிமாறுகிறவர்கள் எச்சில் இலையைத் தொட மாட்டார்கள். அது அவர் வேலை. ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது, மற்றதும் அரைகுறை. தகர வாளியை மேசையின் விளிம்பில் பிடித்துக்கொண்டு, இலையின் தலைப்பைத் தடவிப் பிடித்து, ஒரே சுருட்டு. அடிப்பக்கம் ஈரத்தில் ஒட்டியிருந்த என் நீல நோட்டும் சேர்ந்து சுருண்டது. வாளிக்குள் போனது. அதன் மேல் என் கணவரின் இலை விழுந்தது.

"தாத்தா, நில்லுங்க!"

அவர் நின்றார். நான் வளையல்களை மேலே தள்ளிக்கொண்டு வாளிக்குள் கையை விட்டேன். பிறருடைய எச்சில். சாம்பார், முள், மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை. கடை முழுவதும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. கணவர் எழுந்தே நின்றுவிட்டார். மீசை யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது: "ஒரு வெள்ளிக்குப் பாருப்பா, கிராணி வூட்டம்மா எச்சி வாளியில நீச்சலடிக்குது."

நோட்டு கிடைத்தது. அதைக் கையில் பிடித்தபோது அந்த ஒரு வருடமும் எனக்குப் புரிந்தது. இலைகள் பின்கட்டுப் பீப்பாய்க்குப் போகும். பீப்பாயை ஒரு மாட்டுக்காரர் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவார். நீ ஒரு காசும் பார்த்ததில்லை.

பிற்பாடு அந்த மாட்டுக்காரரை நிறுத்தி, "இலையில எப்பவாச்சும் காசு பாத்தீங்களா?" என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "நான் பாக்கலம்மா. மாடு பாத்திருக்கும்" என்றார்.

நோட்டிலிருந்து சாம்பார் சொட்டச் சொட்டக் கல்லாவுக்குப் போனேன். "அந்தப் பொண்ணு எடுத்த காசு இதுதான். எலைக்கு அடியில நான் வச்சேன். உங்க வாளி எடுத்துக்கிட்டுப் போயிருக்கு."

முதலாளி நோட்டைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். "ஆள் போட்டுட்டேனேம்மா. திங்கக்கிழமைலேருந்து வராங்க."

"கார்ல ஏறுங்க."

"கடை இருக்கும்மா..."

"மீசை பாத்துக்குவாரு. ஏறுங்க."

கார் உங்கள் தோட்டத்துச் செம்மண் பாதையில் திரும்பியது. கணவர், "கோல சிலாங்கூர் மாடெல்லாம் நம்ம காசுலதான் கொழுத்திருக்கு" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

லயத்தில் உன் வீட்டு வாசலில் ஏழு வயது உன் மகள் எழுதுபலகையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். காரைப் பார்த்ததும் உள்ளே ஓடினாள். நீ வெளியே வந்தாய். கடை வேலை போனதிலிருந்து மருந்து அடிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாய். முதுகில் டின்னைச் சுமந்து செம்பனை வரிசைக்குள் களைக்கொல்லி தெளிக்கிற வேலை. முகத்தைச் சுற்றிக் கட்டிய துணி இன்னும் கழுத்தில் தொங்கியது. உன் விரல் நகங்கள் அடியிலிருந்து வெளுத்திருந்தன. இரண்டு நகங்கள் கழன்றே போயிருந்தன. என் தம்ளரில் ரசம் ஊற்றிய கை.

நான் பேசினேன். நீளமாகப் பேசினேன். கான்வெண்ட், சிஸ்டர், தட்டின் விளிம்பு, திரும்பிப் பார்க்கக் கூடாத முறை, தாத்தாவின் கண், வாளி. எல்லாவற்றையும் ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு புகார்க் கடிதம் எழுதுவது போல எடுத்துச் சொன்னேன். நான் முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாய்.

"தட்டுக்கு அடியில வைக்கச் சொன்னாங்க, சரி. எலை தட்டு இல்லைங்களேம்மா?"

நீ சிரித்தாய். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர. அது சிரிப்புதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

முதலாளி, "சரி, வந்து சேரு. நடந்தத மறந்துரு" என்றார்.

நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடம் சொன்னாய்: "நான் மறக்கறது இருக்கட்டும் மொதலாளி. மீசையண்ணன் மறக்கணும், தாத்தா மறக்கணும். டின்னு பிரிக்கற நேரத்துல எல்லாரும் இருக்கையில நீங்க சொல்லுங்க, நான் எடுக்கலன்னு. சொன்னா வர்றேன்." பிறகு என் பக்கம் திரும்பினாய். "நீங்க இனிமே எதுவும் ஒளிச்சு வைக்காதீங்கம்மா. குடுக்கணும்னா பேரச் சொல்லிக் கூப்பிட்டு எல்லார் முன்னாலயும் கையில குடுங்க. நானே டின்னுல போட்டுக்கறேன். குடுக்க இல்லன்னா, சாப்பாடு நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டுப் போங்க. அது போதும்."

முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அடுத்த சனிக்கிழமை டின்னைக் கவிழ்த்த மேசையைச் சுற்றி எல்லாரும் நின்றபோது, "இது மேல தப்பு இல்ல" என்றார். "அப்ப மாட்டு மேலதான் தப்பு" என்றார் மீசை. எல்லாரும் சிரித்தார்கள், நீயும்தான். நான் அன்று உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, கையில் கொடுத்தேன். நீ அதைத் தலைக்கு மேலே தூக்கி எல்லாருக்கும் காட்டிவிட்டு டின்னில் போட்டாய். ஊரில் மட்டும் கிராணியம்மா ஒரு வெள்ளிக்கு எச்சில் வாளியில் கை விட்ட கதை சில வருடம் ஓடியது. அதை நான் யாரிடமும் திருத்தவில்லை. திருத்தினால் உன் கதையையும் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆனால் நான் உன் வாசலில் நின்று பேசிய அந்த நீண்ட பேச்சில் ஒரு சொல் இல்லை. 'மன்னிச்சிக்கோ' என்று நான் சொல்லவில்லை. யார் மேலாவது கை பட்டாலே ஆங்கிலத்தில் அந்தச் சொல் எனக்குத் தானாக வரும், நாளுக்குப் பத்துத் தடவை வரும். தமிழில், லயத்து வாசலில், உன்னைப் பார்த்து, வரவில்லை. காரணத்தை விளக்கிவிட்டால் மன்னிப்பும் அதற்குள் அடங்கிவிடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

எண்பதுகள் முடியும் முன்னமே என் கணவர் போய்விட்டார். நீ செய்தி கேட்டு இரண்டு பஸ் மாறி வந்தாய். யாரும் சொல்லாமல் சமையற்கட்டுக்குள் போனாய். மூன்று நாள். வந்தவர்களின் கையைப் பார்த்துக் காப்பி கொடுத்தாய். அழுதுகொண்டிருந்த என் கையில் மட்டும் தம்ளரைப் பிடித்துக்கொண்டே இருந்தாய், நான் குடிக்கும் வரை. நீ கிளம்பியபோது ஒரு கவரில் பணம் வைத்து, உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் உன் கையில் கொடுத்தேன். நீ சொல்லிக்கொடுத்த முறைப்படி.

நீ கவரைப் பார்த்தாய். "நான் வேலைக்கு வரலம்மா" என்றாய். அதை என் மடியில் வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாய்.

எப்படிக் கொடுப்பது என்று ஒரு தடவை தவறினேன். எப்போது கொடுக்கக் கூடாது என்று மறு தடவை தவறினேன். இரண்டும் உன்னிடமே. அதனால்தான் அந்தப் பிள்ளைகளைக் காரில் வைத்து அத்தனை கேள்வி கேட்டேன். அவர்களுக்குத் தெரியுமா என்பதைவிட, யாருக்காவது தெரியுமா என்பதுதான் என் கேள்வி.

அதற்குப் பிறகும் நீ வந்தாய் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டிய நாளில் வந்து பெட்டிகளைக் கட்டினாய். நான் டவுனில் இந்தச் சிறு வீட்டுக்கு வந்த பிறகு, கடை விடுமுறை நாட்களில் எட்டிப் பார்ப்பாய். ஒரு நாள் பிடிவாதமாக உன்னை உட்கார வைத்து, இலை போட்டு, நான் பரிமாறினேன். உனக்கு அது கூச்சமாக இருந்தது. "கிராணியம்மா, கரண்டிய இப்படிப் பிடிச்சா குழம்பு ஓரமா ஓடும்" என்று குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டாய். முடித்ததும் ரவிக்கைக்குள்ளிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்து, நான்காக மடித்து, இலையின் வலது நுனிக்கு அடியில் வைத்தாய். "காப்பிக் காசும்மா. திரும்பிப் பாக்காம போயிர்றேன்."

நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். அது மன்னித்த சிரிப்பா, மறக்கவில்லை என்று சொன்ன சிரிப்பா? கேட்டிருக்கலாம். முப்பது வருடத்துக்கு மேல் நேரம் இருந்தது. கேட்கவில்லை. உன்னிடமிருந்து நான் கற்றுக்கொண்டது கையைப் பார்ப்பது. எந்தக் கடைக்குப் போனாலும் கொண்டுவந்து வைக்கிறவரின் கையை முதலில் பார்க்கிறேன், நகங்களைப் பார்க்கிறேன், பெயரைக் கேட்கிறேன். சாப்பாடு நன்றாக இருந்தால் அதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்கிறேன். சில பிள்ளைகள் பயந்துபோகிறார்கள். சில பிள்ளைகளுக்கு முகம் மலர்கிறது. கொடுப்பது அதற்குப் பிறகுதான்.

அந்தச் சொல்லை இப்போது எழுதுகிறேன். என்னை மன்னித்துக்கொள். உன் வேலைக்காக, ஒரு மாதம் சுமந்த மருந்து டின்னுக்காக, அந்தக் கவருக்காக.

இனி இது உன் மகளுக்கு. மகளே, இந்தப் பக்கங்களை நீதான் முதலில் படிப்பாய். புத்தகத்தில் போட வேண்டாம் என்று தோன்றினால் போடாதே, எனக்கு வருத்தமில்லை. ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். எங்கள் கார் திரும்பிப் போனதும் உன் அம்மா உள்ளே வந்திருப்பாள். உனக்கு அப்போது ஏழு வயது. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருப்பாய். உன் அப்பாவிடம் என்னைப் பற்றி என்ன சொன்னாள்? பிற்காலத்தில் வீட்டில் என்னை எப்படிச் சொல்வாள்? நல்லதோ கெட்டதோ, நீ கேட்ட வார்த்தைகளை மாற்றாமல் எழுது. போனில் சொல்லாதே, எனக்குச் சரியாகக் கேட்பதில்லை. கைபேசியில் குரல் பதிவும் வேண்டாம். ஒரு தாளில் எழுதித் தபாலில் அனுப்பு.